இமாம் கஸ்ஸாலியின் மௌனம்: ‘முன்கித்’ நூலை மீண்டும் வாசித்தல்

அரசர்களால் வாயடைக்கப்பட்ட அறிஞர்கள் இஸ்லாமிய வரலாற்றில் பலர் உண்டு. தன் நாவே தனக்கு எதிராக அடங்கிப் போனதென்று தன் கையாலேயே எழுதி வைத்த அறிஞர் அரிதினும் அரிது. ஹிஜ்ரி 488, ரஜப் மாதம். கிறித்துவ ஆண்டுக் கணக்கில் 1095-இன் கோடை. பக்தாதின் நிஜாமிய்யா மத்ரஸாவில் முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் சொல்லிவந்த இமாம் அபூஹாமித் அல்கஸ்ஸாலி (ரஹ்) அவர்களுக்கு அப்போது முப்பத்தேழு வயது. ஸல்ஜூக்கியப் பேரரசின் தலைநகர்களில் அவரது சொல்லுக்கு இருந்த மதிப்பு அமைச்சர்களுக்கும் இருந்ததில்லை. அந்த மனிதர் தம்மை நாடி வந்த மாணவர்களின் மனம் குளிர ஒரு நாளேனும் பாடம் நடத்திவிட வேண்டுமென முயன்றார். ஒரு சொல்லும் வெளிவரவில்லை. பின்னர் உணவு இறங்கவில்லை, குடித்த நீரும் செரிக்கவில்லை, உடல் தளர்ந்தது. மருத்துவர்கள் வந்து பார்த்துக் கைவிரித்தனர்.

இதனை நாம் அறிவது ‘அல்முன்கித் மினள் ளலால்’ என்னும் அவரது சிறு நூலின் வழியாக. வழிகேட்டிலிருந்து விடுவிப்பது என்பது அதன் பொருள். தம் ஐம்பதாம் வயதைக் கடந்தபின் இமாமவர்கள் எழுதியது. தமிழில் அவர்களைப் பற்றிப் பேசும் நூல்களிலும் மேடைகளிலும் இந்நிகழ்ச்சி சொல்லப்படாமல் இருப்பதில்லை. ஆனால் எவ்வாறு சொல்லப்படுகிறது? மகுடம் சூடிய அறிஞர் ஒருவர் மகுடத்தை எறிந்துவிட்டு ஞானப் பாதையில் நடந்தார், வென்றார் என்று இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. துன்பம் வெற்றிக்கு முன்னுரையாகச் சுருங்கிவிடுகிறது. நூலை அதன் மொழியில் நிதானமாகப் படிப்பவருக்கு இந்தச் சுருக்கம் பெரிய இழப்பாகத் தோன்றும். அச்சமும் ஏக்கமும் தன்னையே தொலைத்துவிட்ட உணர்வும் ஒரு முஃமினின் உள்ளத்தில் எப்படிக் குடியிருக்கும் என்பதற்கு நம் மரபில் இதனைவிட நேர்மையான சாட்சியம் குறைவு. அச்சாட்சியத்தை நாம் வெற்றிக்கதையாக மாற்றிக் கொண்டோம் என்பதே இக்கட்டுரையின் முறையீடு.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிக் கொள்வோம். முன்கித் நூலில் இருப்பது ஒரு நெருக்கடி அல்ல, இரண்டு. முதலாவது அறிவு பற்றியது. நிழல் அசையாது நிற்பதாகக் கண் சொல்கிறது, ஆனால் அது நகர்ந்து கொண்டிருக்கிறது; விண்மீன் ஒரு தீனார் அளவே தெரிகிறது, ஆனால் அது பூமியைவிடப் பெரியது. புலன்கள் இவ்வாறு பொய் சொல்லுமானால் அறிவு மட்டும் பொய் சொல்லாது என்பதற்கு என்ன உறுதி? கனவில் கண்டதை விழிப்பு பொய்யாக்குவதுபோல் இந்த விழிப்பையும் பொய்யாக்கும் வேறொரு நிலை இருக்கலாமே? ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இந்த ஐயத்தில் கழிந்ததாகவும், எந்த ஆதாரமும் அதனைத் தீர்க்கவில்லை, இறைவன் நெஞ்சில் இட்ட ஓர் ஒளியே தீர்த்ததெனவும் இமாமவர்கள் எழுதுகிறார்கள்.

நம் எழுத்தாளர்கள் மிகுதியும் நின்று மகிழ்வது இந்த இடத்தில்தான். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தேகார்த் 1637-இலும் 1641-இலும் எழுதியதை ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் இமாம் எழுதிவிட்டார் என்ற பெருமிதம்! பெருமிதத்தில் தவறில்லை. ஆனால் அந்த ஒப்பீட்டின் வெளிச்சத்தில் இரண்டாவது நெருக்கடி நிழலுக்குள் போய்விட்டது. முதலாவது நெருக்கடியில் ஐயத்துக்குள்ளானது உலகம். ஐயுறும் மனிதர் திடமாகவே இருந்தார், வகுப்பெடுத்தார், வாதிட்டார். இரண்டாவதில் உலகம் ஐயத்துக்கு இடமின்றி இருந்தது. அல்லாஹ், தூதுத்துவம், மறுமை நாள் ஆகிய மூன்றிலும் தமக்கு உறுதியான ஈமான் வேரூன்றி விட்டிருந்ததென்று இந்தப் பகுதியிலேயே தெளிவாக எழுதுகிறார்கள். இதனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஈமான் உறுதியாக இருந்தபோதே நா அடங்கியது. கலைந்து போனது நம்பிக்கை அன்று, ‘நான்’ என்ற ஆளே.

அந்த ஆள் எதனால் ஆனவர்? இமாம் ஸுப்கீ தம் ‘தபகாத்’ நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறார். இளைஞரான கஸ்ஸாலி ஜுர்ஜானில் பயின்று ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர் அவரது உடைமைகளைப் பறித்தனர். பொருள் போகட்டும், நான் கேட்டறிந்து எழுதிய குறிப்புகளை மட்டும் திருப்பித் தாருங்கள் என்று மன்றாடினார். கொள்ளையர் தலைவன் சிரித்தான்: தாளைப் பறித்தால் பறிபோய்விடும் அறிவுக்கு அறிவென்று எப்படிப் பெயர் சொல்கிறாய் எனக் கேட்டுவிட்டுக் கொடுத்தான். அதன்பின் மூன்றாண்டுகள் இருந்து அனைத்தையும் மனனம் செய்துகொண்டதாக வரலாறு. அறிவைத் தேடுவோருக்கு இதனை நாம் ஊக்கக் கதையாகச் சொல்கிறோம். பக்தாதின் நிகழ்ச்சியோடு சேர்த்து வாசித்தால் வேறொன்று தெரிகிறது. தாளிலிருந்து நெஞ்சுக்கு மாற்றிய அறிவு பின்னர் நாவில் குடியேறிற்று, புகழாயிற்று, அதுவே ஆளாயிற்று. பறிபோகக்கூடிய இடத்திலேயே அது மறுபடியும் வைக்கப்பட்டிருந்தது. இம்முறை பறிக்க வந்தவன் வெளியாள் அல்லன்.

மேடையால் வாழ்ந்த மனிதருக்கு நோய் வந்த உறுப்பு நாவாக இருந்தது தற்செயலா? இமாமவர்கள் அதற்கு விளக்கம் சொல்லவில்லை. ஆனால் அதற்குச் சற்று முன்பு தம் போதனையின் நிய்யத்தைச் சோதித்துப் பார்த்து, அது இறைவனுக்காக இல்லை, பதவியும் பேர்புகழும் அதனைத் தூண்டின என்று கண்டதாக எழுதியிருக்கிறார்கள். இடிந்து விழவிருக்கும் கரையின் விளிம்பில் நிற்பதாகத் தமக்குத் தோன்றிற்று என்கிறார்கள். இது ஸூரத்துத் தவ்பாவில், இறையச்சத்தின் மீது எழுப்பப்படாத கட்டடத்துக்குச் சொல்லப்படும் உவமை. அதனைத் தம்மீதே போட்டுக்கொள்கிறார்கள்.

இனி நடையைக் கவனிப்போம். முன்கித் ஒழுங்கான நூல். உண்மையைத் தேடுவோர் நான்கு வகையினர்: கலாம் வாதிகள், பாத்தினிய்யாக்கள், தத்துவவாதிகள், ஸூஃபிகள். ஒவ்வொருவரையும் நிறுத்தி விசாரித்துத் தீர்ப்பு எழுதிச் செல்லும் நீதிபதியின் நடை அது. தத்துவ நூல்களை ஆசிரியரின்றித் தாமே ஓய்வு நேரங்களில் படித்து இரண்டாண்டுகளுக்குள் முடித்ததையும், அடுத்த ஓராண்டு அவற்றை அசைபோட்டதையும் கணக்கெழுதுபவரைப்போல் சொல்கிறார்கள். ஸூஃபிகளின் பகுதிக்கு வந்ததும் அந்த நடை தடுமாறுகிறது. ஒரு காலை முன் வைத்து மறுகாலைப் பின் இழுக்கிறார். காலையில் மறுமையின் மீது வேட்கை பிறக்கிறது. மாலையில் ஆசைகளின் படை வந்து அதனைக் கலைக்கிறது. ஈமானின் அழைப்பாளன் புறப்படு என்று கூவுகிறான். ஷைத்தானோ இது கடந்து போகும் மனநிலை, இதற்குப் பணிந்து இத்தனை பெரிய பதவியை விட்டாயானால் பின்னர் உன் மனமே அதற்கு ஏங்கும், அப்போது திரும்பக் கிடைக்காது என்கிறான். வாக்கியங்கள் போய்த் திரும்பிப் போகின்றன. ஏறத்தாழ ஆறு மாதங்கள் இப்படி. நான்கு வகையினர் என்னும் கட்டுக்கோப்பு பின்னாளில் நூலுக்காக அமைத்தது என்று கருதுவோர் உண்டு; அது நியாயமே. யாருடைய வாழ்வும் அவ்வளவு வரிசையாக நடப்பதில்லை. ஆனால் இந்தத் தடுமாற்றம் அமைக்கப்பட்டதாக நமக்குத் தோன்றவில்லை. கட்டுக்கோப்பில் அது பொருந்தாமல் நிற்பதே அதற்குச் சாட்சி.

இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர் சிலர் இந்த வாக்குமூலத்தை நம்ப மறுத்தனர். 1092-இல் நிஜாமுல் முல்க் கொலை செய்யப்பட்டார். அடுத்த மாதமே ஸுல்தான் மலிக் ஷாஹும் இறந்தார். அரியணைக்கான போர் மூண்டது. பாத்தினிய்யாக்களை மறுத்துக் கலீஃபாவின் விருப்பப்படி நூல் எழுதிய கஸ்ஸாலி, கொலைவாளுக்கு அஞ்சியே பக்தாதை விட்டு ஓடினார்; ஆன்மீகக் காரணம் பின்னர் போர்த்திய போர்வை என்பது அவர்களது வாதம். இதற்கு நம் தரப்பில் வரும் பதில்கள் பெரும்பாலும் சினம் கொண்டவை. சினத்துக்குத் தேவையில்லை. அந்நாளில் பக்தாதில் ஓர் அறிஞருக்கு அரசியல் அச்சம் இருந்திருக்கவே இயலாது என்று ஏன் நாம் வாதிட வேண்டும்? உள்ளத்தின் அச்சம் தனித்தனி அறைகளில் அடைபட்டுக் கிடப்பதில்லை. வாளின் அச்சம், மரணத்தின் அச்சம், வீணாய்ப்போன வாழ்வின் அச்சம் யாவும் ஒரே நெஞ்சில்தான் கலக்கின்றன. ஒன்று இருந்தால் மற்றொன்று பொய் என்பது மனித உள்ளத்தை அறியாதவர் வாதம்.

இங்கே நாம் கேட்க வேண்டிய சாட்சி ஒருவர் உண்டு. நைஸாபூரின் கதீப் அப்துல் காஃபிர் அல்ஃபாரிஸி இமாமவர்களை முன்னரும் பின்னரும் நேரில் கண்டவர். முன்னைய கஸ்ஸாலியிடம் தாம் கண்ட செருக்கையும், பிறரைத் துச்சமாக நோக்கிய பார்வையையும் அவர் மறைக்கவில்லை. பின்னாளின் பணிவைப் பார்த்து இது வேடமோ என்று முதலில் ஐயுற்றதையும், விசாரித்து அறிந்தபின் அது வேடமன்று என உணர்ந்ததையும் எழுதுகிறார். மாற்றத்தின் தொடக்கத்தைப் பற்றி இமாமவர்களே கூறியதாக அவர் தரும் செய்தி சிறியது: மற்ற யாவற்றையும் மறக்கச் செய்யும்படி அச்சத்தின் வாயில் ஒன்று தமக்குத் திறந்தது என்பதே அது. முன்கித் நூலில் நாம் காண்பது இரு பக்க இழுபறி. நண்பரிடம் பேசும்போது வந்த சொல் அச்சம். நமக்கு இரண்டும் வேண்டும்.

மருத்துவர்கள் சொன்னதைப் பார்ப்போம். இது உள்ளத்தில் இறங்கிய ஒன்று. அங்கிருந்து உடலின் இயல்புக்குப் பரவியிருக்கிறது. உள்ளத்தைப் பிடித்திருக்கும் கவலை நீங்கினாலன்றி மருந்தால் பயனில்லை என்றனர். இவ்வரிகளைக் காட்டி, மன நோய்க்கு மருத்துவம் வேண்டியதில்லை, திக்ரு போதும் என்று மேடைகளில் சொல்வோரை நாம் கேட்டிருக்கிறோம். பிரதியில் இருப்பது அதற்கு நேர்மாறு. இமாமவர்களைப் பார்க்க மருத்துவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், நோயின் இடத்தைச் சரியாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை இமாமவர்கள் மறுக்கவில்லை, தம் நூலில் மதிப்போடு பதிந்திருக்கிறார்கள். உள்ளத்தின் நோய் உடலுக்குப் பாயும் என்பது அன்றைய மருத்துவம் அறிந்ததுதான். அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, ஹிஜ்ரி 322-இல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ, உடலுக்கும் உள்ளத்துக்கும் சேர்த்தே ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்ற நூலை எழுதியிருந்தார். அச்சம், துயரம், விடாது வரும் வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனி இயலாக அதில் ஆய்கிறார். காரணம் தெரிந்த துயரத்தையும் காரணம் தெரியாமல் வந்து கவியும் துயரத்தையும் பிரித்துக் காட்டுகிறார். அத்தகையோரை ஈமான் குறைந்தவர்கள் என்று அவர் ஒதுக்கவில்லை. அவர்களுக்கு என்ன செய்யலாம் என்பதே அவரது கேள்வி.

பக்தாத் மக்களோ வேறு விளக்கங்கள் வைத்திருந்தனர். தொலைவில் இருந்தோர் அரசின் கோபம் என்றனர். அரசவையோர் அவரை விடமாட்டோமென்று பிடித்துக்கொண்டிருந்ததை அருகிலிருந்து கண்டவர்களுக்கு அவ்வாறும் சொல்ல முடியவில்லை. அவர்கள் சொன்னது: அறிவுடையோர் கூட்டத்தின் மீது விழுந்த கண்ணேறு! இமாமவர்கள் இதனைப் பதிவு செய்யும் தொனியில் ஒரு மெல்லிய கசப்பு இருக்கிறது. இத்தனை பெரிய பதவியை விடுவதற்கு மார்க்கக் காரணம் ஒன்று இருக்கக்கூடுமென அவ்வறிஞர்களில் எவருக்கும் தோன்றவில்லை. அப்பதவியே மார்க்கத்தின் உச்சி என அவர்கள் எண்ணியிருந்தனர் என்கிறார்கள். கடலோர ஊர்களிலும் உள்நாட்டு முஹல்லாக்களிலும் உறக்கமின்றித் தவிக்கும் ஒரு பெண்ணுக்கு, தொழுகையில் நிற்கும்போதே நெஞ்சு படபடக்கும் ஓர் இளைஞனுக்கு, நாம் தரும் விளக்கங்கள் எந்த அளவில் இதிலிருந்து வேறுபட்டிருக்கின்றன? கண்ணேறு, ஜின், அல்லது ஈமான் பலவீனம். தொண்ணூறு விழுக்காடும் இம்மூன்றுக்குள் முடிந்துவிடும் என்று சொன்னால் மிகையென்று யாரும் கோபிக்க மாட்டார்கள். அவற்றுள் மிகக் கொடியது மூன்றாவது. நோயாளி தாங்கிக்கொண்டிருக்கும் ஒரே தூணையும் அது அவரிடமிருந்து பறித்துவிடுகிறது.

அச்சத்தைப் பற்றி இமாமவர்கள் பொதுவாக என்ன கருதினார்கள் என்பதற்கு ‘இஹ்யா’வின் அச்சமும் ஆதரவும் பற்றிய பகுதியைப் பார்க்க வேண்டும். வரவிருக்கும் ஒரு தீங்கை எதிர்நோக்கி உள்ளம் வேதனையுற்று எரிவதே அச்சம் என வரையறுக்கிறார்கள். இறையச்சத்தின் சிறப்பை எத்தனையோ பக்கங்களில் எழுதிய அதே கை, அளவு மீறிய அச்சம் இகழத்தக்கது என்றும் எழுதுகிறது. அது அவநம்பிக்கைக்கு இட்டுச் செல்லும், செயலைத் தடுக்கும். நோய்க்கும் தளர்ச்சிக்கும் அறிவு கலங்குவதற்கும் காரணமாகலாம். அச்சம் ஒரு சாட்டை போன்றது. நடக்கத் தூண்டுவதே அதன் பயன். பிள்ளையின் உறுப்பை முறித்துவிடும் அடியை யார் ஒழுக்கப் பயிற்சி என்பார்? இவ்வரிகளை எழுதியவர் சாட்டையின் இரு எல்லைகளையும் தம் உடலில் அறிந்தவர் என்ற நினைவோடு படித்தால் அவற்றின் கனம் கூடுகிறது. கப்ரின் வேதனையை மட்டுமே ஆண்டெல்லாம் வர்ணிக்கும் நம் பயான்களில் இந்தப் பக்கம் மேற்கோளாகக் கேட்டதாக நினைவில்லை.

அவ்வாண்டு துல்கஃதா மாதத்தில் இமாமவர்கள் புறப்பட்டார்கள். மக்காவுக்குப் போவதாக அறிவித்துவிட்டு, உள்ளத்தில் ஷாம் தேசத்தை நினைத்துக்கொண்டு. கலீஃபாவும் நண்பர்களும் தடுத்துவிடுவர் என்ற அச்சத்தால் அவ்வாறு செய்ததாக அவர்களே ஒளிக்காமல் சொல்கிறார்கள். பிள்ளைகளின் வாழ்வுக்குப் போதுமானதை ஒதுக்கிவிட்டு மிகுதியைப் பகிர்ந்தளித்தார்கள். டமாஸ்கஸின் பள்ளிவாசலில் மினாராவில் ஏறிக் கதவைத் தாழிட்டுப் பகல் முழுதும் இருந்தார்கள். ஏறத்தாழ இரண்டாண்டுகள் அந்நகரில். பின்னர் பைத்துல் முகத்தஸ். அங்கும் நாள்தோறும் ஸக்ராவினுள் சென்று கதவைத் தாழிடல். முந்நூறு மாணவர்களின் முன் திறந்திருந்த வாழ்வுக்குப் பின் எத்தனை தாழ்கள்!

அதன்பின் நடந்ததை நம் வரலாறுகள் விரைந்து கடக்கின்றன. ஹஜ்ஜை முடித்தபின் வீட்டின் நினைவும் பிள்ளைகளின் அழைப்பும் அவரை ஊருக்கு இழுத்தன. திரும்பிச் செல்வதிலிருந்து மனிதருள் மிகத் தொலைவில் இருந்தவர் திரும்பினார். திரும்பியபின்? காலத்தின் நிகழ்வுகளும் குடும்பப் பொறுப்பும் பிழைப்பின் தேவையும் தனிமையின் தூய்மையைக் குலைத்தன. தெளிந்த நிலை அவ்வப்போதுதான் வாய்த்தது. ஆயினும் ஆசையை விட்டுவிடவில்லை, தடைகள் தள்ளின, மீண்டும் மீண்டும் திரும்பினேன் என்று எழுதுகிறார்கள். பத்தாண்டுகள் இவ்வாறே. வென்றவரின் வாக்குமூலமா இது? விடுதலை என்று பெயரிட்ட நூலின் மையத்தில், அவ்வப்போது என்ற சொல் அமர்ந்திருக்கிறது.

அந்த அவ்வப்போதுக்கு இமாமவர்களிடமே ஒரு விளக்கம் உண்டு. இஹ்யாவில் அன்பையும் ஏக்கத்தையும் பேசும் பகுதியில் ‘ஷவ்க்’ என்ற ஏக்கத்தை நுட்பமாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். முற்றும் அறியாத ஒன்றின் மீது ஏக்கம் பிறக்காது. முழுமையாகக் கண்டடைந்ததன் மீதும் பிறக்காது. ஒரு புறம் வெளிப்பட்டு மறுபுறம் மறைந்திருப்பதன் மீதே ஏக்கம் உண்டாகும். இறைவன் விஷயத்தில் மறைந்திருப்பதற்கு எல்லையில்லை. ஆதலால் ஏக்கத்தின் ஒரு பகுதி மறுமையிலும் தீர்வதில்லை. அச்சம் உள்ளத்தைச் சுருக்கும்போது, இந்த ஏக்கம் அதனைத் திறந்தே வைத்திருக்கிறது. தம் தேடலில் தீராமல் எஞ்சியதை இமாமவர்கள் தோல்வியெனக் கொள்ளாமைக்கு இதுவே காரணம் என்பது நம் வாசிப்பு. ஏக்கத்தை நோயென்றும் நிறைவை நலமென்றும் பிரித்துப் பழகிய நம் காலத்து மனத்துக்கு இது உடனே பிடிபடாது.

ஹெப்ரோனில், இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில், ஹிஜ்ரி 489-இல் மூன்று உறுதிமொழிகள் எடுத்ததை அவர்களது பாரசீகக் கடிதங்கள் தெரிவிக்கின்றன: ஸுல்தான்களின் வாயிலுக்குச் செல்வதில்லை, அவர்களது பொருளை ஏற்பதில்லை, வாதமேடை ஏறுவதில்லை. முன்கித் நூலில் இந்த உறுதிமொழி பற்றிப் பேச்சில்லை. ஏன் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஹிஜ்ரி 499-இல் நிஜாமுல் முல்க்கின் மகன் ஃபக்ருல் முல்க்கின் காலத்தில், அரசின் கட்டளைப்படி நைஸாபூரில் மீண்டும் பாடம் சொல்ல அவர்கள் இசைந்திருந்தார்கள். நூல் எழுதப்பட்டது அதன்பின். பதினோராண்டுத் தனிமை முடிந்தது. பாடத்துக்குத் திரும்பினாலும் நான் திரும்பவில்லை, திரும்புதல் என்பது இருந்த நிலைக்குப் போவது, அன்று பதவியைப் பெற்றுத்தரும் அறிவைப் பரப்பினேன், இன்று பதவியை விடச்செய்யும் அறிவுக்கு அழைக்கிறேன் என்ற கருத்தில் அவர்கள் தரும் விளக்கத்தை அறிஞர்கள் பலர் வியந்திருக்கின்றனர், சிலர் ஐயுற்றிருக்கின்றனர். அவ்விளக்கம் இருமுறை மும்முறை வலியுறுத்தப்படுவதைக் காணும்போது, எழுதியவருக்கும் அந்த ஐயம் முற்றிலும் நீங்கியிருக்கவில்லை என்றே நமக்குப் படுகிறது. இப்போதும் தம் நோக்கம் ஈடேறுமா, இடையில் மரணம் வந்து வெட்டிவிடுமா என்று தமக்குத் தெரியாதென எழுதுகிறார்களே!

நைஸாபூரிலும் நெடுநாள் இருக்கவில்லை. சொந்த ஊரான தூஸில், வீட்டின் அருகே மாணவர்களுக்கு ஒரு மத்ரஸாவும் ஸூஃபிகளுக்கு ஒரு கான்காஹும் அமைத்துக்கொண்டார்கள். ஹதீஸ் கலையில் தமக்குக் கையிருப்பு குறைவென்று முன்பே சொல்லியிருந்தவர், அந்த இறுதி நாட்களில் ஹதீஸ் வல்லாரை நாடி ஸஹீஹ் புகாரியையும் ஸஹீஹ் முஸ்லிமையும் ஊன்றிப் பயின்றதாக அப்துல் காஃபிர் கூறுகிறார். இன்னும் வாழ்ந்திருந்தால் அக்கலையிலும் யாவரையும் விஞ்சியிருப்பார் என்பது அந்த நண்பரின் எண்ணம். ஹிஜ்ரி 505, ஜமாதுல் ஆகிர் பிறை 14-இல் இமாமவர்கள் மறைந்தபோது அந்தப் பாடம் முடிந்திருக்கவில்லை.